அமைதியா இருக்கு, ஆனா காலியா இல்ல

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்வியைப் பத்தி: "இந்த அலைவரிசையில யாராவது இருக்கீங்களா?"

ஷார்ட்வேவ்ல பேசுற அமெச்சூர் ரேடியோக்காரங்க, அதாவது ஹாம்கள், பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேட்கிற கேள்வி இது. மோர்ஸ்ல அனுப்புறவங்க க்யூ.ஆர்.எல்.னு மூணு எழுத்தும் ஒரு கேள்விக்குறியும் தட்டுவாங்க. முதல்ல பார்த்தா வெறும் மரியாதை மாதிரி தெரியும். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு நூற்றாண்டு வரலாறும் கொஞ்சம் இயற்பியலும் இருக்கு. உங்க வீட்டு வைஃபைக்கும் இதுல பங்கு இருக்கு.

1912 ஏப்ரல் 14. டைட்டானிக் கப்பலின் ரேடியோ அறையில் ஜாக் பிலிப்ஸ் கடும் வேலையில் இருந்தார். முந்தைய நாள் கருவி பழுதாகி, பயணிகளின் தனிப்பட்ட தந்திகள் குவிந்து கிடந்தன. அவற்றை நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கிருந்து வந்த சிக்னல் பலவீனம். அப்போது ரொம்ப அருகில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலிலிருந்து சிரில் எவன்ஸ், பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டோம் என்று சொல்ல வந்தார். பக்கத்துக் கப்பலின் சிக்னல் பிலிப்ஸின் காதில் இடி மாதிரி விழுந்தது. கேப் ரேஸ் அதில் மூழ்கிப்போனது. வாயை மூடு, நான் வேலையாக இருக்கிறேன் என்று பிலிப்ஸ் பதில் அனுப்பினார். எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரவு 11:30 வாக்கில் கருவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். 11:40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. கலிஃபோர்னியனில் இருந்தது ஒரே ஒரு ஆபரேட்டர்தான். உதவிக்கான அழைப்பை அந்தக் கப்பலில் கேட்க ஆளில்லை. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதுல வில்லன் யாரும் இல்ல. அன்னைக்கு இருந்த ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டர்கள் அலைவரிசையை ரொம்ப அகலமா அடைச்சுக்கும். எல்லாரும் ஒரே அறைக்குள்ள நின்னு கத்துற மாதிரிதான். எப்போ பேசணும், எப்போ சும்மா இருக்கணும்கிறதுக்கு எல்லாரும் ஏத்துக்கிட்ட உறுதியான ஒழுங்கு கிடையாது.

அந்த ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கப்பல்களுக்கு 500 கிலோஹெர்ட்ஸ் என்பது அழைப்புக்கும் ஆபத்துக்குமான பொது இடமாக நிலைத்தது. அங்கே கூப்பிட வேண்டும், பதில் கிடைத்ததும் வேறு அலைவரிசைக்கு நகர்ந்துபோய்ப் பேச வேண்டும் என்பது அன்றைய வழக்கம். காலிங் ஃப்ரீக்வென்சி என்ற யோசனையின் சாரம் இதுதான். ஊர் மந்தையில் ஆளைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, கதையைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. கப்பல் ரேடியோ அறைக் கடிகாரங்களில் 15 முதல் 18 நிமிடம் வரையும், 45 முதல் 48 நிமிடம் வரையும் சிவப்புப் பட்டை இருந்தது. அந்த மூன்று மூன்று நிமிடங்கள் 500இல் எல்லோரும் மௌனம். தூரத்தில் பலவீனமாக யாராவது உதவி கேட்கிறார்களா என்று காது கொடுக்க வேண்டியிருந்தது.

அமெச்சூர்கள் கதை வேற திசையில போச்சு. டைட்டானிக் மூழ்கின சமயத்துல செய்திகள் குழம்பினதுக்கு அவங்க மேலயும் பழி விழுந்தது. 1912லேயே அமெரிக்கா ரேடியோ சட்டம் கொண்டுவந்து, அவங்களை 200 மீட்டரும் அதுக்குக் குறைவான அலைநீளமும்னு ஒதுக்கிடுச்சு. அந்தக் குட்டி அலைகளால தூரம் போக முடியாதுன்னு நினைச்சாங்க. 1923 நவம்பர்ல, சுமார் 100 மீட்டர் அலைநீளத்துல, அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல் பிரான்ஸ்ல இருந்த லியோன் டெலாயோட அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழியா பேசினார். ஒண்ணுக்கும் உதவாதுன்னு கொடுத்த நிலத்துல புதையல் கிடைச்ச கதை. வானத்துல இருக்கிற அயனி மண்டலம் ஷார்ட்வேவைத் திருப்பி பூமிக்கு அனுப்பிடும். அதனாலதான் இவ்வளவு தூரம்.

ஆனால் அந்தத் திருப்பத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

2002 மார்ச் 2ஆம் தேதி பிரிட்டனில் சம்மிட்ஸ் ஆன் தி ஏர், சுருக்கமாக சோட்டா, தொடங்கியது. முதுகுப் பையில் ரேடியோ, பேட்டரி, கொஞ்சம் ஒயர் எடுத்துக்கொண்டு மலை உச்சிக்கு ஏறிப் பேச வேண்டும். பாயின்ட் வாங்கக் குறைந்தது நான்கு தொடர்புகள் தேவை. காரிலிருந்து எடுக்கிற மின்சாரமும் ஜெனரேட்டரும் ஆகாது. இவர்களில் பலர் 5 வாட்டில்தான் அனுப்புகிறார்கள். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எடுக்கிற அளவு.

இந்தக் குறைந்த சக்திக்காரர்கள் எங்கே கூடுகிறார்கள்? மோர்ஸில் 7.030, 14.060 மெகாஹெர்ட்ஸ், குரலில் 14.285. இவை யாருக்கும் பட்டா போட்ட இடங்கள் இல்லை. இங்கே வந்தால் நம்மைப் போன்றவர்கள் இருப்பார்கள் என்ற உடன்பாடு மட்டுமே. இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பல சின்ன ரேடியோக்கள் கிரிஸ்டலை நம்பி இயங்குபவை. அந்தக் கிரிஸ்டல் 14.060க்கு வெட்டப்பட்டிருந்தால், ரேடியோவும் அங்கேயேதான் நிற்கும், பெரிதாக நகர முடியாது. டயல் திருப்ப முடிந்தவர் ஒதுங்கிக்கொள்வதுதான் நியாயம்.

சரி, இப்போ சிக்கலுக்கு வருவோம். வேல்ஸ்ல ஸ்நோடன் மலை உச்சியில ஒருத்தர் இருக்காருன்னு வெச்சுக்கோங்க. 14.060ல ரோம்ல இருக்கிறவரோட பேசுறார். மான்செஸ்டர்ல நீங்க ரேடியோவை ஆன் பண்றீங்க. ஸ்நோடன் உங்கள்ட்டேர்ந்து சுமார் 130 கிலோமீட்டர்தான். ஆனாலும் அவர் அனுப்புறது உங்களுக்குக் கேட்காது! தரையை ஒட்டிப் போற அலை அவ்வளவு தூரம் தாங்காது. மேல போய்த் திரும்புற அலை உங்க தலைக்கு மேலயே தாண்டி, பல நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்கும். நடுவுல இருக்கிற இந்த ஊமைப் பகுதிக்குப் பேரு ஸ்கிப் ஸோன். உங்க காதுக்கு 14.060 சுத்தமா காலி. நம்பி 100 வாட்டில் கூப்பிட ஆரம்பிச்சா, ரோம்ல இருக்கிறவர் காதுல அந்த 5 வாட் செத்துப்போகும்.

அதனால காது கொடுத்தா மட்டும் போதாது, கேட்கவும் செய்யணும். க்யூ.ஆர்.எல்.? கொஞ்சம் காத்திருந்து மறுபடியும் க்யூ.ஆர்.எல்.? மலை மேல இருக்கிறவர் காதுல இது விழாது. ஆனா ரோம்காரர் ரெண்டு பேரையும் கேட்கிற இடத்துல இருக்கார். ஆமா, ஆள் இருக்குன்னு அவர் பதில் சொல்வார். பலவீனமானவருக்காக, அவரைக் கேட்க முடிஞ்ச இன்னொருத்தர் பேசுறார். இந்த மொத்த எட்டிக்கெட்டும் இதுக்குள்ள அடக்கம்னு நான் நினைக்கிறேன்.

நெட்வொர்க்கிங் படிச்சவங்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். இது ஹிட்டன் டெர்மினல் பிரச்சினை. 1975ல டொபாகி, க்ளைன்ராக் ரெண்டு பேரும் இதை ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதினாங்க. 1990ல ஃபில் கார்ன் என்ற இன்ஜினியர், ஹாம்களோட கம்ப்யூட்டர் நெட்வொர்க் மாநாட்டுல ஒரு தீர்வை முன்வெச்சார். அனுப்ப நினைக்கிறவர் ஒரு சின்ன செய்தியில அனுமதி கேட்கணும். பெறப்போறவர் "சரி, அனுப்பு"ன்னு சொல்லணும். அந்தப் பதிலைக் கேட்ட மத்தவங்க எல்லாரும் சும்மா இருக்கணும். வைஃபை தரநிலையில இருக்கிற ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். இந்த வழியில வந்ததுதான். கார்னும் ஒரு ஹாம். வித்தியாசம் என்னன்னா, வைஃபையில அந்த விதியை சிப் கடைப்பிடிக்கும். ஷார்ட்வேவ்ல மனுஷங்கதான் கடைப்பிடிக்கணும்.

மத்த வழக்கங்களும் இதே வேர்லேர்ந்து கிளைச்சவைதான். மலை மேல இருக்கிறவர் உங்களுக்குக் கேட்கலைன்னா அவரைக் கூப்பிடாதீங்க. வரிசையில பலர் இருந்தா உங்க அழைப்புக்குறியை ஒரு தடவை சொல்லிட்டு நிறுத்துங்க. அவர் வேற ஒருத்தரோட பாதி அழைப்புக்குறியைச் சொல்லித் தேடும்போது நடுவுல நுழையாதீங்க. இன்னொரு மலை உச்சியிலேர்ந்து ஒருத்தர் கூப்பிட்டா வழி விடுங்க, அவரோட பேட்டரியும் சின்னதுதான். ஆன்டெனா டியூன் பண்றதை அடுத்தவங்க தலைமேல பண்ணாதீங்க.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் நுணுக்கம்தானே என்று தோன்றலாம். 2004 டிசம்பரைப் பாருங்கள். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. அந்தமானில் பல ஆண்டுகளாக ஹாம் ரேடியோவுக்கு அனுமதி இல்லாததால், அந்த இடத்தோடு ஒரு தொடர்பு போட உலகம் முழுக்க ஹாம்கள் வரிசை கட்டி நின்றார்கள். 26ஆம் தேதி காலை நிலம் அதிர்ந்தது, கடல் ஏறியது, தொலைபேசிகள் செத்தன. விளையாட்டுக்காகக் கொண்டுபோன ரேடியோ, தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்தி கடத்தும் வழியானது. தவித்த குடும்பங்களுக்கு இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற தகவல் அதன் வழியாகப் போனது. முதல் நாள் வரை அந்தமானைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டு ஹாம் அன்று செய்ய முடிந்த பெரிய உதவி, அந்த அலைவரிசையில் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது. சிவப்புப் பட்டை போட்ட கடிகாரம் எதற்காக இருந்ததோ, அதே வேலை.

இன்று சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் 14.300 மெகாஹெர்ட்ஸை உலகளாவிய அவசர மையங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. பேரிடர் நேரத்தில் அதன் பக்கம் போனால், முதலில் கேளுங்கள்.

அனுப்புறதுக்கு உரிமம் வேணும். நம்ம நாட்டுல மத்திய அரசு நடத்துற தேர்வு எழுதணும், 12 வயசு ஆனவங்க எழுதலாம். நெதர்லாந்துல ட்வென்டே பல்கலைக்கழகத்தோட வெப் எஸ்.டி.ஆர். ரிசீவரை பிரவுசர்லயே திறந்து கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 14.060ல வெச்சுட்டு ஹெட்போன் மாட்டுங்க. இரைச்சலுக்கு அடியில மெல்லிசா ஒரு டிட்-டா கேட்டுச்சுன்னா, எங்கயோ ஒரு மலை உச்சியில ஒருத்தர் நாலாவது ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.