பொதினியில் சொன்ன சொல்

பழனி என்ற பெயருக்கு 'பழம் நீ' என்று விளக்கம் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஞானப்பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிய பிள்ளையைச் சமாதானப்படுத்திய சொல் அது என்பார்கள். கதை அழகானதுதான், ஆனால் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கு உதவாது. பழனம் என்றால் வயல், வயல் சூழ்ந்த ஊர் பழனி ஆயிற்று என்று சொல்வாரும் உண்டு. சங்கப் பாடல்களில் இந்த இடத்துக்குப் பெயர் பொதினி. பொதினியே திரிந்து பழனி ஆனது என்பது பரவலான கருத்து. 'தி' எப்படி 'ழ' ஆனது என்பது எனக்கு இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இடம் ஒன்றே என்பதற்கு வேறு சாட்சி இருக்கிறது. பொதினியை ஆண்டவர்கள் ஆவியர். அடிவாரக் கோயில் இன்றும் திருஆவினன்குடி. ஆவியர் தலைவன் வையாவிக் கோப்பெரும்பேகன். ஊருக்கு வையாபுரி என்றும் ஒரு பெயர், நகருக்குள் இருப்பது வையாபுரிக் குளம். அரசு போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகியும் குடிப்பெயர் ஊரை விட்டுப் போகவில்லை.

பொதினி என்ற பெயர் முதலில் எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அகநானூற்றில் கடவுள் வாழ்த்தை அடுத்த முதல் பாட்டு மாமூலனாருடையது. பொருள் தேடப் போனவன் திரும்பவில்லை. 'பிரியமாட்டோம்' என்று சொன்ன சொல்லை மறந்துவிட்டாரா என்று தோழியிடம் கேட்கிறாள் ஒருத்தி. அந்த வாக்கு எவ்வளவு உறுதியானது என்று காட்டத்தான் பொதினி வருகிறது. அங்கே சாணைக்கல் செய்யும் இளந்தொழிலாளி ஒருவன் இருக்கிறான், பாட்டு அவனைக் காரோடன் என்கிறது. சாணைக்கல் செய்யும் முறை தெரிந்தால் உவமை விளங்கும். கடினமான கல்லை இடித்துப் பொடியாக்கி, உருகிய அரக்கோடு சேர்த்து வட்டமாக வார்ப்பார்கள். ஆறி இறுகிவிட்டால் பொடி எது, அரக்கு எது என்று பிரித்தெடுக்க முடியாது. அதற்குப் பிறகுதான் அது இரும்பையே தீட்டும். அப்படிச் சேர்ந்தவர்கள் நாம் என்று அவன் சொல்லியிருக்கிறான். தாலி, தீ, சீர், சாதி எதுவும் அந்த உவமைக்குள் இல்லை. இருப்பது இருவர் தமக்குள் கொடுத்துக்கொண்ட சொல். பழனியின் பழம்பெயர் அகநானூற்றில் முதலில் வருவது அந்தச் சொல்லோடுதான்.

அதே ஆவியர் குடிப் பேகன், மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று பள்ளிக்கூடத்திலேயே நமக்குப் பழக்கமானவன். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாடல்களைப் படித்தால் அவனுடைய இன்னொரு முகம் தெரியும். மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியிடம் போய்விட்டான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு பெரும்புலவர்கள் அவனைத் தேடி வருகிறார்கள். பசியும் இல்லை, சுற்றத்தின் சுமையும் இல்லை, நீ இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதே எமக்குப் பரிசு என்கிறார் பரணர். பொன்னும் மணியும் வேண்டாம், வாடிக் கிடக்கும் அவள் கூந்தல் மறுபடி பூச்சூட வேண்டும் என்பது அரிசில்கிழார் கேட்பது. திருமணத்தை மதிப்பது என்றால் என்ன என்று யார் கேட்டாலும் இந்த ஐந்து பாடல்களைத்தான் காட்டுவேன். சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று அரசன் முகத்துக்கு நேரே கேட்டார்கள், பரிசிலையே பணயம் வைத்துக் கேட்டார்கள்.

தொல்காப்பியமும் இதையே வேறு வழியில் சொல்கிறது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் பெரியோர் கரணத்தை, அதாவது மணச்சடங்கை, வகுத்தார்களாம். கொடுப்பதற்குப் பெற்றோர் இல்லாமல் உடன்போனவர்களுக்கும் கரணம் உண்டு என்றும் அது இடம் விட்டு வைத்திருக்கிறது. வாக்கு முந்தியது, அதற்குக் காவலாக வந்தது சடங்கு.

எல்லைகளைக் கடந்த மணம் ஒன்றின் நினைவும் இந்த மலையில் இருக்கிறது. பழனி மலைத்தொடரின் உச்சிப் பகுதியில், கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், மேகம் இல்லாத நாளில் கீழே பழனி தெரியும். 1936இல் அந்தக் கோயிலைக் கட்டியவர் லீலாவதி இராமநாதன். ஐரோப்பிய வழிவந்த பெண். இந்து சமயத்துக்கு மாறி, இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். இனமும் நாடும் மதமும் கடந்த மணம் அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூவின் பெயரில் இருக்கும் அந்தச் சந்நிதியில் இன்று யாரும் அந்த மணத்தைக் கேள்வி கேட்பதில்லை.

1967இல், அண்ணா முதல்வராக இருந்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொதினி நினைவுக்கு வரும். சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு அது. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் சொன்னாலே போதும். மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலியும் கட்டலாம். ஏதாவது ஒன்று இருந்தால் சரி. புரோகிதர் கட்டாயமில்லை.

ஆனால் அந்தச் சொல்லை எல்லோரும் சொல்ல முடியவில்லை. திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டத்தின்படி 'மணமகள்'தான் என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. கொடைக்கானலும் பழனியும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகின்றன. என்றாலும் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒருபாலினத்தவர் மணத்தை அங்கீகரிக்க மறுத்து, அது சட்டமன்றங்களின் வேலை என்றது. 2025 மே மாதம், ஒரு பெண்ணை அவள் துணைவியிடமிருந்து பிரித்துப் பெற்றோர் அடைத்து வைத்த வழக்கில், தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஒருத்தி மருத்துவமனையில் கிடந்தால் கையெழுத்துப் போடவும், இறந்தால் வாரிசாக நிற்கவும் அவள் துணைக்கு மணப்பதிவு என்ற எளிய வழி இல்லை.

இந்தத் துயரைத் தீர் என்று அரசனிடம் கேட்கும் இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். திருமணம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தமிழ்நாடு ஒருமுறை அதில் கை வைத்திருக்கிறது. 7ஏ பிரிவில் கணவன், மனைவி என்று மட்டும் இருக்கும் இடத்தில், சுயமரியாதை இயக்கத்தார் அழைப்பிதழ்களில் அச்சிட்டுவரும் 'இணையர்' என்ற சொல்லையும் சட்டமன்றம் சேர்க்கட்டும்.