மூடிய மரமும் திறந்த பீங்கானும்

கோட்டை கட்டிய வேந்தரின் வரலாறு ஏடுகளில் உண்டு. கோபுரம் எழுப்பியோரின் வரலாறு கல்வெட்டுகளில் உண்டு. குளியலறை கட்டியோரின் வரலாறு எங்கே? "அதற்குமா வரலாறு!" என்று நகைப்போர் நகைக்கட்டும். போர்க்களங்கள் உயிரைக் குடித்தன. வளைந்த குழாயும் வழவழப்பான பீங்கானும் உயிரைக் காத்தன. இரண்டில் எது பெரிது என்று பகுத்தறிவுடையோர் எண்ணிப் பார்க்கட்டும்.

புதுமனை கட்டுவோர் இன்று கடைக்குச் செல்கின்றனர். வெண்ணிறக் கோப்பைகள், கருநிறக் குழாய்கள், கருங்கல்லைப்போல் தோன்றும் ஓடுகள், சலவைக்கல்லைப்போல் மின்னும் ஓடுகள் எனக் காட்சிகள் விரிகின்றன. கண்ணுக்கு இனியது எது, கைப்பணத்துக்கு ஏற்றது எது எனும் இரு கேள்விகளோடு தேர்வு முடிந்துவிடுகிறது. ஆனால் தோழர்களே, அக்கடையில் அடுக்கப்பட்டுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு வாதம் நடந்திருக்கிறது. அறியாமைக்கும் ஆராய்ச்சிக்கும் இடையே நடந்த வாதம் அது. அவ்வாதம் கடுமையாக நடந்த இடங்களுள் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகர்.

1596ஆம் ஆண்டிலேயே, எலிசபெத் அரசியின் ஞானமகனான ஜான் ஹாரிங்டன், தொட்டி நீரைத் திறந்துவிட்டுக் கழிவை அடித்துச் செல்லும் அமைப்பொன்றை வகுத்து, அதுபற்றி நூலும் எழுதினார். நாடு நகைத்தது, பின்னர் மறந்தது. 179 ஆண்டுகள் உருண்டோடிய பின், 1775இல், அலெக்சாண்டர் கம்மிங் எனும் கடிகாரத் தொழிலாளி ஒரு காப்புரிமை பெற்றார். கழிவு செல்லும் குழாயை அவர் பாம்புபோல் வளைத்தார். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். அந்நீரே கதவு! கழிவு கீழே போகலாம்; சாக்கடைக் காற்று மேலே வர இயலாது. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை, தேய்ந்துபோகும் உறுப்பும் இல்லை. இன்று எந்த வீட்டிலும் கைகழுவும் தொட்டியின் அடியில் குனிந்து பாருங்கள். அந்த வளைவின் வழித்தோன்றலைக் காண்பீர்கள்.

வீட்டுக்குள் நாற்றம் குறைந்தது. ஆனால் வீட்டுக்கு வெளியே? வசதி படைத்தோர் நீர்க் கழிவறைகளை வாங்கி வைத்தனர். அவற்றின் நீரெல்லாம் அடித்தளத்திலிருந்த பழைய மலக்குழிகளில் பாய்ந்தது. குழிகள் நிரம்பின, மண்ணுள் கசிந்தன, கிணறுகளைத் தொட்டன. கழிவறை புதிதாயிற்று, கழிவு போகுமிடம் பழையதாகவே இருந்தது. விளைவு, வாந்திபேதி!

நோய் நாற்றக் காற்றால் பரவுகிறது என்றனர் கற்றோர் பலர். பாவத்தின் சம்பளம் என்றனர் மதபோதகர் சிலர். நீரால் பரவுகிறது என்றார் ஜான் ஸ்னோ எனும் மருத்துவர். 1854ஆம் ஆண்டு சோகோ பகுதியில் நோய் வெடித்து 616 பேரைக் கொண்டுபோனபோது, இறந்தவர் இல்லங்களைக் கணக்கிட்டு, பிராட் தெருவின் நீர் இறைக்கும் குழாயே காரணம் எனக் காட்டினார். செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

அப்பகுதியில் ஹென்றி வைட்ஹெட் என்றொரு பாதிரியார் இருந்தார். ஸ்னோவின் கூற்றைப் பொய்யென மெய்ப்பிக்கவே அவர் புறப்பட்டார். வீடுவீடாகச் சென்றார், கேட்டார், குறித்தார். அவர் திரட்டிய சான்றுகளே அவரை மாற்றின! குழாயை ஒட்டிய வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் மலக்குழியில் கொட்டப்பட்டதையும், அக்குழி கிணற்றுக்கு மிக அருகில் இருந்ததையும் அவருடைய தேடலே வெளிக்கொணர்ந்தது. சான்று கண்டபின் மனம் மாறுவது இழுக்கன்று. அதுவே அறிவின் இலக்கணம்.

ஆயினும் ஆட்சியாளர் உடனே அசைந்தனரா? இல்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு ஆறு நாறியது. நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார இயலவில்லை. ஏழையின் மரணம் திறக்காத செவியை நாற்றம் நுழைந்த மூக்குத் திறந்தது! சட்டம் பிறந்தது. ஜோசப் பசால்கெட் எனும் பொறியாளர் 82 மைல் நீளப் பெருஞ்சாக்கடைகளை நிலத்தடியில் அமைத்தார். 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது, அது பேயாட்டம் ஆடியது கிழக்கு இலண்டனில். அவ்வமைப்பு இன்னும் முழுமை பெறாதிருந்த பகுதியில். வேறு சான்றும் வேண்டுமோ?

இனி, அறைக்குள் நுழைவோம். அக்காலச் செல்வர் வீட்டுக் குளியலறையில் சுவரில் பூப்போட்ட தாள்; தரையில் கம்பளம். தொட்டியையும் கோப்பையையும் குழாயையும் மகோகனி மரப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தனர். கழிவறையா, அலமாரியா என்று வந்தவர் ஐயுறவேண்டும், அதுதான் நாகரிகம்! பெட்டிக்குள்ளே என்ன நடந்தது? நீர் கசிந்தது; மரம் ஊறியது; இருட்டில் அழுக்கு அரசாண்டது. வெளியே மெருகு, உள்ளே புழுக்கம்.

1871ஆம் ஆண்டு பட்டத்து இளவரசரே குடற்காய்ச்சலில் வீழ்ந்து மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். அரண்மனையையும் சாக்கடை விடாது என்பது செல்வர்க்கு அப்போது விளங்கிற்று. 1880களில் தாமசு டுவைபோர்டு முதலியோர், மரப்பெட்டியே வேண்டாத, ஒரே பீங்கானாய் வார்த்த, தனித்து நிற்கும் கோப்பைகளை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதே காலத்தில், 1884இல், இராபர்ட் கோக் கல்கத்தாவில் தங்கி ஆராய்ந்து, வாந்திபேதிக் கிருமியை உலகுக்கு அறிவித்தார். பகைவன் யார் எனத் தெரிந்தது. அவனுக்குப் புகலிடம் தரக்கூடாது எனும் எண்ணம் பிறந்தது. மரம் போயிற்று, தாள் போயிற்று, கம்பளம் போயிற்று. மெருகிட்ட வெள்ளை ஓடு வந்தது. எனாமல் பூசிய இரும்புத் தொட்டி வந்தது.

ஏன் வெள்ளை? அழகுக்காக மட்டுமா? அன்று! வெள்ளையில் அழுக்குத் தெரியும். தெரிந்தால் கழுவுவோம். அழுக்கை மறைப்பது அந்தக் காலத்து மரியாதை. அழுக்கைக் காட்டிக்கொடுப்பது புதுக்காலத்து அறிவு.

பின்னர் வாணிபம் வந்து வண்ணம் தீட்டியது. 1927இல் அமெரிக்காவின் கோலர் நிறுவனம் பல நிறங்களில் ஒத்திசைந்த கோப்பையும் தொட்டியும் விற்கத் தொடங்கியது. வெள்ளைக்கு வயதில்லை, வண்ணத்துக்கு வயதுண்டு. இவ்வாண்டின் பச்சை மறு ஆண்டில் பழமை! 1966இல் அலெக்சாண்டர் கிரா எனும் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர், குளியலறைப் பொருள்கள் மனித உடலுக்குப் பொருந்த அமையவில்லை என்று நூலெழுதிச் சுட்டவேண்டி வந்தது.

அப்படியாயின் எதைத் தேர்வது? வரலாறே விடை தருகிறது. அழுக்குத் தங்க இடமில்லாத பொருளைத் தேர்க. சுவருக்கு மெருகிட்ட வெளிர்நிற ஓடு. இணைப்புகள் குறைவாக இருத்தல் நன்று. தரைக்கு ஈரக்கால் வழுக்காத ஓடு. கூடத்துக்குரிய பளபளப்பு இங்கே எலும்பை முறிக்கும். நீர் வடிய வாட்டம் வேண்டும். சலவைக்கல் சுண்ணாம்பின் உடன்பிறப்பு. ஆசிட் பட்டால் அரிக்கப்படும். சுவருக்குள் மறைக்கும் நீர்த்தொட்டியை விரும்பினால், பழுது பார்க்கக் கைநுழையும் திறப்பு இருக்கிறதா எனக் கேளுங்கள். இல்லையேல் மகோகனிப் பெட்டி மறுபிறவி எடுக்கும். வளைந்த குழாயில் நீர் வற்றினால் நாற்றம் திரும்பும். பயன்படாத அறையிலும் அவ்வப்போது நீர் ஊற்றுக. முதியோர் பற்றி எழக் கைப்பிடி பொருத்துக.

இவ்வளவும் கேட்டபின், இன்னும் ஒரு கேள்வி உண்டு. அதனை நம் நாட்டார் கேட்டே ஆகவேண்டும். இலண்டனிலும் இரவில் மலக்குழி அள்ளியோர் இருந்தனர். அங்கு அது கூலிக்குச் செய்த தொழில். இங்கோ அது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட கொடுமை! எடுப்புக் கக்கூசு என்பது வெறும் கட்டட அமைப்பா? இன்னொரு மனிதன் தலையில் சுமப்பான் என்று முன்கூட்டியே எழுதிவைத்த தீர்ப்பு அது. 1993இல் சட்டம் அதனைத் தடைசெய்தது. 2013இல் இன்னொரு சட்டம், சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதையும் குற்றமாக்கியது. இறப்புகள் நிற்கவில்லை. 2014இல் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன உச்சநீதிமன்றம், 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தவேண்டி வந்தது. தொகை உயர்ந்தது, உயிர் திரும்புமா?

ஆகவே, ஓட்டின் நிறத்தைக் கேட்குமுன் கொத்தனாரிடம் கேளுங்கள்: "இந்தக் கழிவு எங்கே போகிறது? நிரம்பினால் யார் இறங்குவார்?" தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் அதனோடு இணையுங்கள். இல்லாத ஊரில், கிணற்றுக்கு எட்டத்தில், மண்ணும் நிலத்தடி நீரும் இடந்தருமாயின், இரட்டைக் குழி அமையுங்கள். ஒன்று நிரம்பியதும் மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முதற்குழியில் இருப்பது நாற்றமற்ற உரமாகும். தொட்டி கட்டினால், இயந்திரக் குழாய் நுழையும் வாயும், காற்றுப் போக்கியும், வண்டி வந்து நிற்கும் வழியும் வையுங்கள். எந்த நிலையிலும் மனிதன் இறங்க இடந்தராதீர்!

இலட்சம் செலவிட்டு மின்னும் ஓடு பதித்து, மண்ணுக்கடியில் ஒருவன் மூச்சடைத்து மாள வழிவைத்திருக்கும் வீடு, மகோகனிப் பெட்டிதான். வெளியே மெருகு, உள்ளே இருட்டு. புதுமனை கட்டும் இளைஞர்களே! அந்தப் பெட்டியை நம் வீட்டில் செய்யவேண்டாம்.