போர்ட்லாண்டில் காத்திருந்த பெட்ரோவிச்

ஸாக்ரெப் நகரின் சிபோனா கூடைப்பந்து கிளப்புக்கு அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வென்று தந்த டிராஷென் பெட்ரோவிச்சை, ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் ஒப்பந்தம் செய்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். 28 வயதாகாத ஆட்டக்காரர் வெளிநாட்டு கிளப்புக்குப் போகக் கூடாது என்பது அன்றைய யூகோஸ்லாவியாவின் விதி. 1988இல் பெட்ரோவிச்சுக்காக அந்த விதி தளர்ந்தது.

மாட்ரிட் ரசிகர்களுக்கு அவர் புது முகம் அல்ல. 1985 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் 36 புள்ளிகள் குவித்து, ரியல் மாட்ரிட்டை வீழ்த்தியவரே அவர்தான். நேற்றுவரை வசைபாடிய கூட்டம், இப்போது அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

அந்த ஆர்ப்பரிப்புக்கு அவர் திருப்பித் தந்தது 1989 மார்ச்சில், ஏதென்ஸில். கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதியாட்டம். எதிரே இத்தாலியின் கசெர்ட்டா அணி. அதன் பீரங்கி பிரேசில்காரர் ஆஸ்கர் ஷ்மிட். ஒரு பக்கம் ஆஸ்கர் போட, மறுபக்கம் பெட்ரோவிச் போட, 40 நிமிட ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. 117-113 என்று மாட்ரிட் வென்றபோது ஆஸ்கர் 44 புள்ளிகள் எடுத்திருந்தார். பெட்ரோவிச் எடுத்தது 62. அணியின் மொத்தப் புள்ளிகளில் பாதிக்கும் மேல் ஒரே ஆளின் கையிலிருந்து!

பந்தை மற்றவர்களுக்குத் தருவதில்லை என்ற முணுமுணுப்பு அன்றிரவே அணிக்குள் கிளம்பியது. ஆனால் பெட்ரோவிச்சின் மனம் ஏற்கெனவே அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் போர்ட்லாண்ட் அணி 1986 டிராஃப்டிலேயே (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு), மூன்றாம் சுற்றில், 60ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. மாட்ரிட் ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கானது. ஒரே பருவம் ஆடிவிட்டு அவர் கிளம்பியதில் சட்டச் சிக்கல் எழுந்தது. மாட்ரிட்டுக்குப் பணம் கொடுத்துத்தான் போர்ட்லாண்ட் அவரை மீட்டது.

1989 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் இறங்கியவர் அவர் மட்டுமல்ல. யூகோஸ்லாவியாவிலிருந்து விளாடே டீவாட்ஸ், ஜார்கோ பாஸ்பால். சோவியத் ஒன்றியத்திலிருந்து மார்ச்சுலியோனிஸ், வோல்கோவ். ஒரே ஆண்டில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஐந்து பேர் என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. அதற்கு முன் எட்டிப்பார்த்தவர்கள் வெகு சிலர். ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ மார்ட்டின் இதே போர்ட்லாண்டில் 1986-87 பருவத்தில் 24 ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு மாட்ரிட்டுக்கே திரும்பியிருந்தார். 'ஐரோப்பியருக்கு எறியத் தெரியும், தடுக்கத் தெரியாது' என்ற எண்ணம் அமெரிக்கப் பயிற்சியாளர்களிடம் வேரூன்றியிருந்த காலம்.

விதிகளும் அந்த எண்ணத்துக்குத் துணைநின்றன. ஐரோப்பாவில் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு மறிக்கலாம். காலில் வேகம் குறைந்தவரைப் பக்கத்தில் நிற்பவர் காப்பாற்றிவிடுவார். என்.பி.ஏ.வில் அன்று அதற்குத் தடை. ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் மறித்தாக வேண்டும். மூன்று புள்ளிக் கோடு அன்று ஐரோப்பாவில் 6.25 மீட்டர், அங்கே, கூடைக்கு நேர் எதிரே, 7.24 மீட்டர். ஆட்டமும் 40 நிமிடமல்ல, 48 நிமிடம். பருவத்துக்கு 82 ஆட்டங்கள்.

போதாக்குறைக்கு, பெட்ரோவிச் ஆடும் இடத்தில் கிளைட் டிரெக்ஸ்லரும் டெர்ரி போர்ட்டரும் இருந்தார்கள். இருவரும் உச்சத்தில். 1990இல் இறுதிச்சுற்று வரை போன அணி அது. பயிற்சியாளர் ரிக் அடெல்மன் ஜெயிக்கிற கூட்டணியைக் கலைக்க விரும்பவில்லை. ஐரோப்பாவையே ஆட்டிவைத்தவருக்கு முதல் பருவத்தில் கிடைத்தது ஆட்டத்துக்குச் சராசரியாக 12.6 நிமிடம். அடுத்த கோடையில் டேனி ஏஞ்ச் வந்து சேர்ந்தார். அந்த நிமிடங்களும் 7 சொச்சமாகச் சுருங்கின. பல ஆட்டங்களில் மேல்சட்டையைக் கழற்றவே வேலையில்லை.

டீவாட்ஸின் நிலைமை வேறு. அவர் சேர்ந்த லேக்கர்ஸ் அணியின் கரீம் அப்துல் ஜப்பார் 1989இல் ஓய்வுபெற்றதால், வந்தவுடனே டீவாட்ஸுக்கு ஆட வாய்ப்புக் கிடைத்தது. தேசிய அணியில் பெட்ரோவிச்சின் அறைத் தோழரும் டீவாட்ஸ்தான். லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போர்ட்லாண்டுக்கும் இடையே அந்த முதல் பருவத்தில் தொலைபேசி ஓயவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் ஆற்றாமையைத் தாய்மொழியில் கேட்க அமெரிக்காவில் இருந்த நெருக்கமான காது அது.

பெட்ரோவிச் ஊருக்குத் திரும்பவில்லை. ஷிபெனிக் நகரில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே அரங்குக்குப் போய்த் தனியாக நூற்றுக்கணக்கில் எறிந்து பழகிய பையன் அவர். அதே பழக்கத்தைப் போர்ட்லாண்டிலும் விடவில்லை. 'என்னை ஆட விடுங்கள், இல்லையேல் வேறு அணிக்கு அனுப்புங்கள்' என்பது அவர் கோரிக்கை. 1991 ஜனவரி 23 அன்று அது நிறைவேறியது. மூன்று அணிகளுக்கிடையே நடந்த மாற்றத்தில் நியூ ஜெர்சி நெட்ஸ் அவரைப் பெற்றது.

நெட்ஸ் அப்போது தோல்விக்குப் பேர்போன அணி. அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 56 தோல்வி. ஆனால் அங்கே நிமிடங்கள் கிடைத்தன. 1991 கோடையில் எடை தூக்கி உடம்பை முறுக்கேற்றிக்கொண்டு வந்தவர், 1991-92இல் 82 ஆட்டங்களிலும் ஆடி, சராசரியாக 20.6 புள்ளிகள் எடுத்தார். 1986க்குப் பிறகு முதல் முறையாக நெட்ஸ் பிளே-ஆஃப் கண்டது. அடுத்த பருவத்தில் 22.3 புள்ளிகள், மூன்று புள்ளி எறிதலில் 44.9 சதவீதம். 1993 ஜனவரியில் ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 44.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். போர்ட்லாண்டின் முதல் பருவத்தில் அவர் சராசரி 7.6 புள்ளிகள், 12.6 நிமிடத்தில். 1991-92இல் 20.6 புள்ளிகள், 36.9 நிமிடத்தில். நிமிடத்துக்கு இத்தனை என்று வகுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. சொல்லப்போனால் போர்ட்லாண்டில் ஒரு பிடி கூடுதல். கை அன்றும் அதே கைதான். அதை நம்பி ஆடுகளத்தில் விட்டுவைக்க ஓர் அணிதான் இல்லாதிருந்தது.

அவநம்பிக்கை லேசில் போகவில்லை. 1993 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவரை ஆழமாகக் காயப்படுத்தியது. பருவம் முடிந்ததும் லீக்கின் சிறந்த 15 பேர் பட்டியலில், மூன்றாம் அணியில், அவர் பெயர் இருந்தது. பின்னாளில் காட்சி மாறியது. 2019 முதல் 2025 வரை என்.பி.ஏ.வின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கிய நால்வருமே அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள்: கிரீஸின் யானிஸ், செர்பியாவின் யோகிச், கேமரூனின் எம்பீட், கனடாவின் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். இவர்களில் எவரிடமும் 'உனக்குத் தடுக்கத் தெரியுமா' என்று கேட்டு ஓராண்டுக்கு மேல் பெஞ்சில் உட்கார வைக்க யாரும் துணியவில்லை.

நியூ ஜெர்சியில் பெட்ரோவிச் ஜொலித்தபோது, டீவாட்ஸுடனான அந்தத் தொலைபேசிப் பேச்சு நின்றுபோயிருந்தது. 1990 ஆகஸ்டில் புவனோஸ் ஐரிஸில் சோவியத் அணியை வென்று யூகோஸ்லாவியா உலகக் கோப்பையைத் தட்டியது. கொண்டாட்டத்தின் நடுவே ஒரு ரசிகர் குரோஷியக் கொடியோடு ஆடுகளத்துக்குள் ஓடிவந்தார். செர்பியரான டீவாட்ஸ் அதை அவர் கையிலிருந்து பறித்தார். பெட்ரோவிச் குரோஷியர். நாடு உடையத் தொடங்கிய கதையையும், அந்த நட்பு என்னவாயிற்று என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)