பக்கெரிசான் ஆற்றங்கரையிலே

சாவகத் தீவுக்குக் கிழக்கே, ஒரு குறுகிய நீரிணைக்கு அப்பால், பசுமை போர்த்து விளங்கும் சிறு தீவு பாலி. அதன் பரப்பு ஏறத்தாழ 5,780 சதுரக் கிலோமீட்டரே. உலகில் இசுலாமியர் மிகுதியாக வாழும் நாடு இந்தோனேசியா. அந்நாட்டினுள்ளே, மக்களிற் பெரும்பாலோர் இந்து சமயத்தைப் போற்றி வாழும் தீவு இது. அதனாலேயே பாலி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் மகிழ்கின்றது. 'இவையெல்லாம் நம் முன்னோர் கொண்டு சென்றவை அல்லவா!' என்று பெருமையும் கொள்கின்றது. பெருமை கொள்வது எளிது. நின்று பார்ப்பது சற்று அரிது. ஆதலால், முதலிற் பார்ப்போம். தீவு முழுவதையும் ஒரு கட்டுரையிற் சுற்றிவர இயலாது. கியான்யார் என்னும் ஒரு மாவட்டத்தை, அதிலும் பக்கெரிசான் என்னும் ஓர் ஆற்றின் கரையைப் பற்றிக்கொண்டு நடப்போம்.

ஏரியும் ஊற்றும்

பாலியின் வடகிழக்கிலே பாத்தூர் என்னும் எரிமலை நிற்கின்றது. அதன் பழைய வாய் ஒரு பெருங்கிண்ணம்போல் அகன்றிருக்க, அக்கிண்ணத்தினுள் ஓர் ஏரி பிறைவடிவிற் கிடக்கின்றது. இவ்வேரியிலிருந்து ஆறு எதுவும் நேரே புறப்படுவதில்லை. ஆயினும் மலைமேற் சேரும் நீர், எரிமலைப் பாறையினூடே ஊறி இறங்கி, தெற்குச் சரிவுகளிலே ஊற்றுகளாய் வெளிப்படுகின்றது. ஏரியில் உறையும் தேவி டானு என்னும் தெய்வமே தம் வயல்களுக்கு நீரளிக்கின்றாள் என்பது பாலி மக்களின் நம்பிக்கை. 1926-ஆம் ஆண்டில் எரிமலை பொங்கி எழுந்தது. மலையடியில் இருந்த பாத்தூர் என்னும் ஊரும், அதன் பெருங்கோயிலும் எரிகுழம்பில் மறைந்தன. மக்கள் தளர்ந்துவிடவில்லை. கிண்ணத்தின் மேல்விளிம்பிலே கோயிலைப் புதிதாக எடுத்து, வழிபாட்டை இடையறாது நடத்திவருகின்றனர். அழிப்பதும் அம்மலையே, அது உமிழ்ந்த சாம்பலால் மண்ணை வளமாக்கி வாழ்விப்பதும் அம்மலையே.

கியான்யார் மாவட்டத்திலே தம்பாக்சிரிங் என்னும் ஊரில் ஓர் ஊற்று உண்டு. அதற்குத் 'தீர்த்த எம்புல்' என்று பெயர். தீர்த்தம் என்னும் சொல்லை நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தெளிந்த குளத்தின் அடியிலே கருமணலைக் கிளப்பிக்கொண்டு நீர் குமிழியிட்டெழும் காட்சி கண்ணுக்கு இனியது. அந்நீர் கல்லாற் செய்த தூம்புகள் வழியாக நீராடு குளங்களில் விழுகின்றது. மலரும் நறும்புகையும் படைத்து வணங்கிய அடியார், வரிசையாக நின்று, ஒவ்வொரு தூம்பின் கீழும் தலைதாழ்த்தி நீராடுகின்றனர். மாயாதனவன் என்னும் கொடிய மன்னன் நஞ்சூட்டிய நீரைக் குடித்துத் தேவர் படை மாண்டதாம். இந்திரன் நிலத்தைக் குத்தி, உயிர் தரும் இவ்வூற்றை எழச்செய்தானாம். இது வழிவழியாக வரும் கதை. இவ்வூற்றின் நீரே பக்கெரிசான் ஆற்றிற் சேர்ந்து வயல்களை நோக்கி நடக்கின்றது.

கல் காத்த நாள்

இனி, நம் நெஞ்சை விட்டு அகலாத ஒரு செய்தியைக் கூறுவோம். தீர்த்த எம்புலுக்கு அண்மையிலே மானுக்காயா என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூரார் எழுத்துப் பொறித்த பழங்கல் ஒன்றைத் தம் கோயிலிலே காத்துவந்தனர். ஆண்டுதோறும், தங்கள் கணக்கில் நான்காம் திங்களின் முழுமதி நாளன்று, அக்கல்லைச் சுமந்துகொண்டு ஊற்றுக்குச் சென்று நீராட்டினர். கல்லிலுள்ள எழுத்தைப் படிக்கவல்லார் ஊரில் ஒருவரும் இலர். எதற்காக அந்நாளிலே நீராட்ட வேண்டும் என்பதும் அவர்கள் அறியார். முன்னோர் செய்தனர், ஆகவே பின்னோரும் செய்தனர்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே ஸ்டுட்டர்ஹைம் என்னும் டச்சுத் தொல்லியல் அறிஞர் அவ்வெழுத்தைப் படித்தார். பத்தாம் நூற்றாண்டில் சந்திரபய சிங்க வர்மதேவன் என்னும் அரசன் அவ்வூற்றிலே தீர்த்தத் துறை அமைத்த செய்தி அதில் இருந்தது. துறை அமைத்த நாளும் இருந்தது. அந்நாள் எது? நான்காம் திங்களின் முழுமதி நாள்! மெக்சிகோ நாட்டு ஓவியர் கோவருபியாஸ், 1937-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் இதனை வியந்து எழுதியுள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு அருகிற் சென்றபின், எழுத்தை மறந்த ஊர் நாளை மறக்கவில்லை. நாவு மறந்ததைக் கால்கள் நினைவில் வைத்திருந்தன.

மலையிற் குடைந்த மாடங்கள்

தீர்த்த எம்புலிலிருந்து ஆற்றோடு சிறிது தொலைவு கீழே செல்வோமாயின், 'கூனுங் காவி' என்னும் இடத்தை அடைவோம். நூற்றுக்கணக்கான படிகளில், இருபுறமும் நெல்வயல் அடுக்கடுக்காக விரிய, பள்ளத்தாக்கினுள் இறங்க வேண்டும். அங்கே ஆற்றின் இரு கரைப் பாறைகளிலும் ஆழ்ந்த மாடங்கள் குடைந்து, அம்மாடங்களினுள் கோயில் வடிவங்களைச் செதுக்கியுள்ளனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் உடையது. மேலைக்கரையில் நான்கு, கீழைக்கரையில் ஐந்து, சற்றுத் தள்ளித் தெற்கே ஒன்று, ஆகப் பத்து. இவை 11-ஆம் நூற்றாண்டில், மறைந்த அரச குடும்பத்தார் நினைவாக எழுந்தவை. இறந்த வேந்தன் நினைவாக நம் நாட்டில் எடுத்த பள்ளிப்படைக் கோயில்களை இவை நினைவூட்டும். ஆயினும் இவை உட்புகும் கோயில்கள் அல்ல. பாறை முகத்திலே தோன்றும் வடிவங்களே.

நம் முதலாம் இராசராசன் தஞ்சையில் ஆண்ட காலத்தில் பாலியில் ஆண்டவன் உதயணன். அவனுக்கும் சாவகத்து இளவரசி மகேந்திரதத்தைக்கும் பிறந்த மூத்த மகன் ஏர்லங்கன் சாவகம் சென்று பேரரசன் ஆனான். இளைய மகன் ஆனாக் வுங்சு பாலியை 1049 முதல் 1077 வரை ஆண்டான். கூனுங் காவியின் வடிவங்களை இம்மரபினரோடு தொடர்புபடுத்துவர் அறிஞர். ஊராரோ, கெபோ ஈவா என்னும் பெருவீரன் தன் நகத்தினாலே ஓர் இரவிற் கீறி முடித்த வேலை என்பர்.

இதே மாவட்டத்தில் பெஜெங் என்னும் ஊரிலே, ஏறத்தாழ 1.86 மீட்டர் உயரமுள்ள வெண்கல முரசு ஒன்று கோயிலின் உயர்ந்த மாடத்தில் இருக்கின்றது. இந்திய நாகரிகம் அங்குப் பரவுமுன்பே உருவான உலோகக் கலையின் வழிவந்தது அது. வானத்திலிருந்து விழுந்த நிலவு அது என்றும், அதன் ஒளி தன் தொழிலுக்கு இடையூறாயிருப்பது கண்டு திருடன் ஒருவன் அதனை அணைத்துவிட்டான் என்றும் கதை வழங்குகின்றது. பெடுலுவுக்கு அருகிலுள்ள 'கோவா காஜா' என்னும் யானைக் குகையினுள்ளே விநாயகர் உருவமும் மூன்று இலிங்கங்களும் உள்ளன. அண்மையிலேயே பௌத்தச் சின்னங்களும் கிடக்கின்றன. குகைக்கு முன்னுள்ள நீராடு குளம் மண்ணுள் மூடுண்டு கிடந்தது. 1954-ஆம் ஆண்டில் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தனர். நீர்க்குடம் ஏந்திய மங்கையர் சிலைகள் மீண்டும் கதிரொளி கண்டன. ஊபுட் நகரின் ஓவியமும், மாஸ் ஊரின் மரச்சிற்பமும், செலுக் ஊரின் வெள்ளிவேலையும் உலகப் புகழ் பெற்றவை.

நீரால் அமைந்த சங்கம்

சிற்பமும் கூத்தும் கண்ட பயணி பெரும்பாலும் அவ்வளவோடு திரும்பிவிடுகின்றான். ஆயின், பாலியின் பெருமையை வயல் வரப்பின்மேல் நின்றே காணல் வேண்டும். அங்கே 'சுபாக்' என்னும் உழவர் கூட்டமைப்பு இருக்கின்றது. ஒரே மதகிலிருந்து நீர் பெறுவோர் அனைவரும் ஒரு சுபாக்கின் உறுப்பினர். எந்த ஊரினர், எந்தக் குலத்தினர் என்பதன்று கேள்வி. எந்த நீரைப் பெறுகின்றனர் என்பதே கேள்வி. தலைவர் பெகாசே எனப்படுவார். மரக்கட்டையில் அளந்து வெட்டிய வாய்கள் வழியாக நீர் பங்கு பிரிந்து செல்லும். வாய்க்கால் தூர்வாரலும், கரை கட்டலும், தண்டம் விதித்தலும், விழா எடுத்தலும் கூடிப் பேசி முடிவுசெய்யப்படும்.

இவ்வமைப்பு நேற்று வந்ததன்று. 896-ஆம் ஆண்டுச் செப்பேடு ஒன்று மலையைக் குடைந்து நீர்ச்சுரங்கம் அமைக்கும் தச்சரைக் குறிக்கின்றது. 11-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் சுபாக் என்னும் சொல்லின் பழைய வடிவம் வருகின்றது. இன்றும் பாலியில் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் உள்ளன. 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு, பக்கெரிசான் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் பாத்தூர் ஏரிக் கோயிலையும் உள்ளிட்ட சுபாக் நிலப்பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. தெய்வத்தோடும், மாந்தரோடும், நிலத்தோடும் இசைந்து வாழ்தலே நல்வாழ்வுக்கு முக்காரணம் என்னும் கொள்கை இதற்கு அடிப்படை.

ஒவ்வொரு சுபாக்குக்கும் நீர்க்கோயில் உண்டு. எப்போது நீர் திறப்பது, எப்போது நாற்று நடுவது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பவை அக்கோயில் முறைப்படியே நடக்கும். மேல்வயலாரும் கீழ்வயலாரும் தம்முள் பேசி, அண்டை அயலிலுள்ள வயல்களையெல்லாம் ஒரே காலத்தில் அறுத்து, ஒரே காலத்தில் ஓய்வு கொடுப்பர். வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்கு இது வெறும் சடங்காகவே தோன்றிற்று.

படிக்கத் தெரியாதவர் யார்?

1970-களில் அரசு புதிய நெல்வகைகளைக் கொணர்ந்தது. ஆண்டில் எத்தனை முறை இயலுமோ அத்தனை முறை பயிரிடுக என்று ஆணை பிறந்தது. கோயில் முறை புறந்தள்ளப்பட்டது. தொடக்கத்தில் விளைவு பெருகிற்று. பின்னர்ப் புகையானும் பிற பயிர்நோயும் பெருகின. நீருக்கும் தட்டுப்பாடு வந்தது. உழவர் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று மன்றாடினர். ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞரும், சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமரும் ஊஸ், பெதானு என்னும் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட 172 சுபாக்குகளைக் கணினியிற் கணக்கிட்டுப் பார்த்தனர். வயல்கள் யாவும் ஒருங்கே தரிசாகும்போது பூச்சிகளுக்கு உணவும் உறைவிடமும் இல்லாமற் போகும். எல்லோரும் ஒரே நாளில் நட்டாலோ நீர் போதாது. இவ்விரண்டுக்கும் நடுவே, மிகுந்த விளைவு தரும் நிலையிலேயே நீர்க்கோயில்களின் முறை அமைந்திருந்தது!

மானுக்காயா ஊரார் கல்லெழுத்தைப் படிக்க அறியார்; ஆயினும் செயலால் அதனைக் காத்தனர். திட்டம் வகுத்தோரோ ஏடுகள் பல கற்றவர். ஆயினும் வயலில் எழுதியிருந்த அறிவைப் படிக்க அறியாது, அதனை அழிக்கப் பார்த்தனர். இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இன்று இடர் வேறு வடிவில் வந்துள்ளது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டார் பாலிக்கு வந்தனர். வயலின் அழகைக் காண வந்தோர்க்கென விடுதிகள் அவ்வயலின்மேலேயே எழுகின்றன. விடுதிக்கும் நீர் வேண்டும். வயலுக்கும் நீர் வேண்டும். வயல் ஒன்று விலையானால், அதற்கப்பால் உள்ள வயலுக்குச் செல்லும் வாய்க்காலும் கூடவே நலிகின்றது. பங்காளர் குறையக் குறைய, சங்கமும் தேய்கின்றது.

உறவும் உண்மையும்

நமக்கும் பாலிக்கும் உறவு இல்லையோ எனின், உண்டு. வட பாலியின் செம்பிரான் கடற்கரையில் 1980-களில் நடந்த அகழாய்விலே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை ஒத்த இந்திய மட்கலத் துண்டுகள் வெளிப்பட்டன. பாலிப் பூசாரியர் தீர்த்தத்தை வாழ்த்தும் துதியொன்றில் கங்கையோடு காவிரியின் பெயரும் ஒலிக்கின்றது. கவி இரவீந்திரநாத தாகூர் 1927-இல் பாலி சென்றபோது, மொழி அறியாத சிற்றரசர் ஒருவர் கடலைச் சுட்டிக்காட்டி, அதற்குரிய வடமொழிப் பெயர்களை அடுக்கிக் கூறி, அதனாலேயே உரையாடி மகிழ்ந்தார் என்று கவி எழுதியுள்ளார்.

ஆயினும் சுபாக்கை நாம் கற்றுக்கொடுத்தோம் என்று கூறுதல் பொருந்தாது. அஃது அம்மக்களே தம் மலைச்சரிவிற் கண்ட அறிவு. உத்தரமேரூரிலே முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தாரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. ஊரார் கூடி ஏரி தூர்வாரிய குடிமராமத்தும் நாம் அறிந்ததே. நீரைப் பங்கிட்டு வாழக் கற்ற இரு மக்கள் நாம். ஆசிரியரும் மாணவரும் அல்லேம். அவர்கள் விடாது காத்ததை நாம் பெரும்பாலும் கைவிட்டோம் என்பதே நாம் நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி.

பிழைப்பு நாடி மொழி வழங்கும் எல்லையைக் கடந்து வந்து, இக்குடியிருப்பிலே வாழ்கின்றோம். நம் பிள்ளைகளுட் பலர் தமிழ் பேசுவர், எழுத்தறியார். பொங்கற் பானையைச் சுற்றி நிற்பர். ஏன் என்று அறியார். இதனைக் கண்டு மனம் தளர்வோர் மானுக்காயா ஊராரை எண்ணுக. கூடிச் செய்யும் செயல் ஆயிரம் ஆண்டு நினைவைக் காக்கும். ஆனால் அக்கல்லைப் படிக்கவும் ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதையும் மறவற்க. அங்கே அயல்நாட்டு அறிஞர் ஒருவர் வந்து படித்தார். நம் வீட்டுக் கல்லை நம் பிள்ளைகளே படிக்கட்டும். விழாவுக்கு அழைத்துவரும் கையே அவர்களை எழுத்துக்கும் அழைத்துச் செல்லுமாக.