கோரல் மில் முதல் திருநெல்வேலி எழுச்சி வரை: 1908-ல் ஒரு சிலரின் பேச்சு ஊரையே மாற்றியது எப்படி?

பாதி முகம் சவரம் ஆகியிருக்கிறது. மில் முதலாளி பக்கம் பேசும் வக்கீல் இவர்தான் எனத் தெரிந்ததும், சவரத் தொழிலாளி கத்தியை மடக்கிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். தூத்துக்குடியில் இன்றும் சொல்லப்படும் கதை இது.

என்ன நடந்தது?

தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில்லில் குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை கிடையாது. வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் மேடையேறிப் பேச, 1908 பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. மில்லுக்குப் போகாதவங்க சாப்பாட்டுக்கு என்ன செய்வாங்க? ஊருக்குள் நிதி திரட்டினார் வ.உ.சி., சிலருக்கு வேறு வேலையும் தேடிக் கொடுத்தார். நிர்வாகத்தை ஆதரித்தவர்களுக்கு சவரமோ சலவையோ செய்ய மாட்டோம் என்று தொழிலாளர்கள் மறுத்தனர். சுமார் 9 நாளில் கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை மூன்றுக்கும் நிர்வாகம் இறங்கி வந்தது.

உளவியல் என்ன சொல்கிறது?

1969-ல் மாஸ்கோவிசி என்ற உளவியலாளர் 6 பேர் கொண்ட குழுக்களிடம் நீல நிறப் படங்களைக் காட்டினார். ஒவ்வொரு குழுவிலும் 2 பேர் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். அந்த 2 பேரும் விடாமல் 'பச்சை' என்றபோது, மற்றவர்களின் பதில்களிலும் சுமார் 8% பச்சையானது. மாற்றி மாற்றிச் சொன்னபோது பலன் அநேகமாக இல்லை. சிறுபான்மைக் குரல் எடுபட வேண்டுமானால் பேச்சு மாறக்கூடாது. அதற்காக எதையாவது இழக்கவும் தயாராக இருந்தால் நம்பிக்கை கூடும். வருமானம் வரும் வக்கீல் தொழிலை வைத்துக்கொண்டு, மில் தொழிலாளிக்காக நின்ற வ.உ.சியிடம் இரண்டும் இருந்தன.

ஆனால் அந்த வக்கீல் மனசு மாறவில்லை, ஊர் அவரை ஒதுக்கியது, அவ்வளவுதான். ஊர்விலக்கு என்ற இதே ஆயுதம்தான் சாதியின் பேரில் ஏழைகள் மீதும் பாய்ந்தது என்பதையும் மறக்க முடியாது.

கைதும் எழுச்சியும்

மார்ச் 12-ல் வ.உ.சியும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்கள் தெருவுக்கு வந்தனர், நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் பலி. கூலி உயர்வு கிடைத்த கையோடு கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினர், இந்த முறை கூலிக்காக அல்ல. திலகருக்காக பம்பாய் மில்கள் நின்றது அதற்குப் பிறகு, ஜூலையில்தான்.

வ.உ.சிக்கு விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். சிறை வாசலில் அவரை வரவேற்க அந்தப் பெருங்கூட்டம் இல்லை. சிவா காத்திருந்தார்.