1941 இந்திய – பர்மா குடிவரவு ஒப்பந்தமும் செட்டிநாட்டு வணிகப் பெயர்வும்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய இந்தியாவிலிருந்து 1937இல் பர்மா பிரிக்கப்பட்டபின் ஒரே ஆட்சிக்குள் நிகழ்ந்த மக்கள் பெயர்வு, இரு நாடுகளுக்கு இடையிலான குடிவரவுச் சிக்கலாக மாறியது. அதனைத் தீர்க்க 1941இல் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அவ்வொப்பந்தம் உரிமைக்கு அளவுகோலாகக் கொண்ட தொடர் வதிவு என்னும் கருத்து, தவணை முறையில் சென்று திரும்பிய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வாழ்முறைக்குப் பொருந்தவில்லை என்பதையும், நிலம், கடன் ஆகியவற்றைப் பேச்சுவார்த்தைக்கு வெளியே விட்டதால் பர்மிய உழவர், நகரத்தார் ஆகிய இரு தரப்பாருக்கும் உடன்பாட்டுத் தீர்வு கிட்டவில்லை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செட்டிநாடு, நகரத்தார், பர்மா, குடிவரவு, வதிவுரிமை, எல்லை.

முன்னுரை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்களில் இன்றும் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள், செட்டிநாட்டுக்கும் ஐராவதி ஆற்றுச் சமவெளிக்கும் இடையே இருந்த உறவின் எளிய சான்றுகள். அவ்வுறவின் வணிகப் பக்கம் பலரால் ஆராயப்பட்டுள்ளது. நகரத்தாரின் வட்டித் தொழில், கோயில் திருப்பணி, கல்விக்கொடை ஆகியவை குறித்தும் நூல்கள் பல உள்ளன. ஆயினும், அவ்வுறவு முறிந்ததைப் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரின் விளைவாகவே கூறும் வழக்கம் நிலவுகிறது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது விழுந்த குண்டுகளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, அதே நகரில் நடந்த ஒரு பேச்சுவார்த்தை அவ்வுறவின் அடிப்படையை மாற்றிவிட்டது. அதனை மையப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தவணை முறை என்னும் அடித்தளம்

பர்மாவில் நகரத்தாரின் தொழில், முதல் ஆங்கிலேய – பர்மியப் போருக்குப் பின்னர்த் தெனாசரிம் பகுதியில் தொடங்கியது. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் நெல் ஏற்றுமதியைப் பெருக்கின. காடழித்து வயலாக்கிய உழவர்க்கு முன்பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் அவர்களிடம் நேரடியாகச் செல்லவில்லை. அவ்விடைவெளியை நகரத்தாரின் லேவாதேவி நிரப்பியது. 1929–30ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு 1,600க்கும் மேற்பட்ட நகரத்தார் நிறுவனங்கள் இருந்ததைப் பதிவு செய்தது. அவற்றின் முதலீட்டை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என அக்குழு மதிப்பிட்டது.

இத்துணைப் பெரிய தொழிலை நடத்தியவர்கள் பர்மாவில் குடியேறியவர்கள் அல்லர். 'கொண்டுவிக்கப் போதல்' என்னும் நகரத்தார் வழக்கே அதன் இயல்பை உணர்த்தும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலையில் அமைந்த பணியாளர்கள் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குச் செல்வர். தவணை முடிந்ததும் கணக்கை முடித்து ஐந்தொகை எடுத்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவர். இரங்கூன் முகல் தெருவின் கிட்டங்கிகளில் ஒரே கூரையின்கீழ்ப் பல நிறுவனங்களின் பெட்டியடிகள் இருந்தன. மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். திருமணம், கோயில் வரி, புள்ளிக் கணக்கு ஆகிய அனைத்தும் செட்டிநாட்டோடு பிணைந்திருந்தன. எனவே நிறுவனம் பர்மாவில் நிலைத்திருந்தது. அதன் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தனர்.

பிரிவினையும் பகைமையும்

1929க்குப் பின் நெல்விலை வீழ்ந்தபோது கடன்பட்ட உழவர்களால் வட்டியும் கட்ட இயலவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோரிடம் சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தாரிடம் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1930களின் இறுதியில் அது 25 விழுக்காடாயிற்று. வட்டிக்கு விட்ட பணம் முடங்கி நிலமாக மாறியது நகரத்தார்க்கு விரும்பத்தக்கதன்று. ஆனால் தன் வயலிலேயே குத்தகையாளனாகிவிட்ட பர்மிய உழவனுக்கு அது தாங்கொணா இழப்பு. 1930 மே மாத இரங்கூன் துறைமுகக் கலவரம், அதே ஆண்டு டிசம்பரில் எழுந்த சயா சான் கிளர்ச்சி, 1938 ஜூலைக் கலவரம் ஆகியவற்றின் பின்னணியில் இவ்விழப்பையும் வைத்தே நோக்கவேண்டும்.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் 10,17,825 இந்தியர் இருந்தனர்; இது மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடு. இரங்கூன் நகரத்தில் மட்டும் இந்தியர் பாதிக்கு மேற்பட்டோராக இருந்தனர். 1937 ஏப்ரல் 1ஆம் நாள் பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது, இந்தியர் வருகைக்குப் புதிய தடை விதிப்பதில்லை என்னும் இடைக்கால ஏற்பாடு மூன்று ஆண்டுகளுக்கேனும் நீடிக்குமாறு செய்யப்பட்டது. புதிய பர்மியச் சட்டமன்றத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கத்துக்குத் தனியே ஓர் இடமும் ஒதுக்கப்பட்டது. மூலதனத்துக்குப் பிரதிநிதித்துவம் வழங்கிய சட்டம், அம்மூலதனத்தை இயக்கிய ஆட்களின் வதிவு நிலையை வரையறுக்காமல் விட்டமை குறிப்பிடத்தக்கது.

பாக்சுடர் அறிக்கையும் 1941 ஒப்பந்தமும்

1938 கலவரத்தை ஆராய்ந்த குழு, இந்தியர் குடிவரவைப் பற்றித் தனி ஆய்வு வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன்படி அமர்த்தப்பட்ட சேம்சு பாக்சுடர் 1940இல் அறிக்கை அளித்தார். இந்தியத் தொழிலாளர் பெரும்பாலும் பர்மியரின் வேலையைப் பறிக்கவில்லை என்றும், அவர்தம் உழைப்பு துணைநிலையிலானதே என்றும் அவர் கண்டார். எனினும் வருங்காலக் குடிவரவை இரு அரசுகளும் பேசி ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார்.

இந்திய அரசின் சார்பில் சர் கிரிசா சங்கர் பாச்பாய் தலைமையிலான குழு இரங்கூன் சென்றது. பர்மாவின் தலைமை அமைச்சர் ஊ சா. ஒப்பந்தம் 1941 ஜூன் மாத இறுதியில் கையெழுத்தாகி, ஜூலையில் வெளியிடப்பட்டது. கடவுச்சீட்டு அல்லது குடிவரவு அனுமதிச் சீட்டு இன்றி இனி எவரும் நுழைய முடியாது என்றாயிற்று. காலவரையற்ற தங்கலுக்கு ஒருவகைச் சீட்டும், குறித்த காலத் தங்கலுக்கு மற்றொரு வகைச் சீட்டும் வகுக்கப்பட்டன. திறன்சாராத் தொழிலாளர் செல்வது உடனடியாகத் தடுக்கப்பட்டது. ஏற்கெனவே பர்மாவில் இருந்தோருள், 1932 ஜூலை 15 முதல் 1941 ஜூலை 15 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் மொத்தம் ஏழு ஆண்டுகள் அங்கு வதிந்தவர்க்கே சலுகை நிலை உரியதாயிற்று.

இந்த அளவுகோலைத் தவணை முறையோடு பொருத்திப் பார்த்தால் அதன் விளைவு விளங்கும். மூன்றாண்டுப் பணிக்குப்பின் இரண்டாண்டு ஊரில் தங்கிய மேலாள் ஒருவர்க்கு, அவ்வொன்பது ஆண்டுகளை எவ்வகையில் கூட்டினும் ஆறு ஆண்டுக்கு மேல் தேறாது. இடைவெளி ஓராண்டே ஆனால் நிபந்தனையின் விளிம்பைத் தொடலாம். முதலாளியோ அவ்வப்போது வந்து செல்பவர். அவர் இக்கணக்குக்குள் வருவதே இல்லை. ஆக, இலட்சக்கணக்கான ஏக்கருக்கு உரிமை கொண்ட நிறுவனங்களின் ஆட்கள், புதிதாக வருவோரைப் போலவே அனுமதிச் சீட்டை நம்பியிருக்க வேண்டியவராயினர்.

இந்தியாவில் ஒப்பந்தத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது; காந்தியடிகளும் அதனைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். பாதிக்கப்படுவோரின் இசைவைப் பெறாமலேயே ஒப்பந்தம் முடிக்கப்பட்டது என்பது பரவலான குறை. ஆனால் பர்மியர் தரப்பிலிருந்து நோக்கினால், பிரிவினைக்குப் பின்னும் தம் நாட்டு வாயிலைத் தாமே காக்க இயலாதிருந்த நிலையை மாற்றும் முதல் முயற்சி அது. இவ்விரு நியாயங்களையும் ஒருங்கே காணாத வரலாறு முழுமை பெறாது.

ஒப்பந்தத்தின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. பகைமைக்கு வேராக இருந்தவை நிலமும் கடனும். அவை பேச்சுவார்த்தையின் பொருளாகவில்லை. 1939ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம், 1941ஆம் ஆண்டின் நிலக் கொள்முதல் சட்டம் ஆகியவற்றின் வழியே பர்மிய அரசு அவற்றைத் தனியே கையாள முற்பட்டது. ஆட்களின் நடமாட்டத்தைப் பற்றி இரு அரசுகளும் பேசின. சொத்தைப் பற்றி ஒன்றே முடிவு செய்தது.

போருக்குப் பின்

சப்பானியப் படையெடுப்பால் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1942இல் ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். இரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா நடந்தே இந்தியா திரும்பியோருள் ஒருவர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர்.

ஒப்பந்தம் செயலற்றதாயினும் அதன் அளவுகோல் மறையவில்லை. 1947ஆம் ஆண்டின் குடிவரவு அவசர ஏற்பாடுகள் சட்டம், போருக்கு முன் அங்கு வாழ்ந்தோரும் அனுமதி பெற்றே திரும்பவேண்டிய நிலையை உருவாக்கியது. அதே ஆண்டின் பர்மிய அரசமைப்பு, பிரித்தானிய ஆட்சிப்பகுதியில் பிறந்தோர் குடியுரிமை பெற, பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் வதிந்திருக்க வேண்டும் என்றும், நிலையாகத் தங்கும் எண்ணம் வேண்டும் என்றும் விதித்தது. அப்பத்து ஆண்டுகளை விடுதலை நாளிலிருந்தோ 1942 ஜனவரி 1இலிருந்தோ பின்னோக்கிக் கணக்கிடலாம். ஒன்பதில் ஏழு என்றிருந்தது பத்தில் எட்டாயிற்று. 1948ஆம் ஆண்டின் நில நாட்டுடைமைச் சட்டம் உழவரல்லாதாரின் நிலங்களை எடுத்துக்கொள்ள வழிசெய்தபோது, நகரத்தார் குடிமக்களாகவும் இல்லை, உழவராகவும் இல்லை. 1951 ஜூலை 7இல் கையெழுத்தான இந்திய – பர்மா நட்புறவு உடன்படிக்கை, குடிவரவு பற்றியும் நாடு திரும்புதல் பற்றியும் பேச இடமளித்தது. அதற்குள் நிலம் கைமாறும் சட்டம் வந்துவிட்டது.

கடல்வழியும் மலைவழியும்

இதே காலத்தில் இருநாட்டுத் தரை எல்லையில் வேறொரு நெறி பின்பற்றப்பட்டது. எல்லைக்கு இருபுறமும் உறவும் விளைநிலமும் கொண்ட மலைவாழ் மக்கள், 40 கிலோமீட்டர் வரை கடவுச்சீட்டின்றிச் சென்றுவர 1950இல் இந்திய அரசு விதிவிலக்கு அளித்தது. 1967 மார்ச் 10இல் எல்லை உடன்பாடு கையெழுத்தான பின்னும் இவ்வழக்கம் பலமுறை திருத்தப்பட்டு நீடித்தது. சென்று திரும்புதலையே வாழ்முறையாகக் கொண்டோர்க்குத் தனி வகை ஒன்றை உருவாக்க அரசுகளால் இயலும் என்பதற்கு இது சான்று. கடல்வழிச் சுழற்சிக்கு அத்தகைய வகை எண்ணிப் பார்க்கப்படவில்லை. ஒருபுறம் காட்டில் உழைத்து வாழ்ந்த மக்கள், மறுபுறம் மூலதனம் உடையோர் என்னும் வேறுபாடு இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது வெளியேறியோருள் மூலதனமற்ற தமிழரும் இருந்தனர். அவருள் மீண்டும் பர்மா செல்ல முயன்று இயலாமற்போன சிலர் மணிப்பூர் எல்லையின் மோரே ஊரில் தங்கிவிட்டமை, அளவுகோலின் சுமை எளியோர் மீதும் விழுந்ததைக் காட்டுகிறது.

முடிவுரை

1941 ஒப்பந்தம் இரு அண்டை நாடுகள் குடிவரவைப் பேசித் தீர்க்க முயன்ற தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று. அதன் நோக்கம் ஏற்கத்தக்கது. வதிந்த ஆண்டுகளை எண்ணுவதையே உரிமைக்கு அடிப்படையாக்கியதும், நிலத்தையும் கடனையும் விலக்கி வைத்ததும் அதன் இரு குறைகள். இலங்கையில் 1949ஆம் ஆண்டின் இந்திய – பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமும் வதிவு ஆண்டுகளையே நிபந்தனையாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் 9,75,000 பேருள் 8,25,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் பர்மிய முன்வரலாற்றோடு இணைத்து ஆராய்தல் இன்றியமையாதது. செட்டிநாட்டு இல்லங்களில் எஞ்சியுள்ள சம்பளச் சீட்டுகளும் ஐந்தொகை ஏடுகளும், ஒருவர் எந்நாளில் சென்றார், எந்நாளில் திரும்பினார் என்பதைக் காட்டும் மூலங்கள். அவை அழியுமுன் தொகுக்கப்படின், ஒப்பந்தம் எண்ணிய ஆண்டுகளுக்கும் மனிதர் வாழ்ந்த ஆண்டுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைத் துல்லியமாக அளந்தறிய இயலும்.