சத்திரத்துல பொறந்தவன்

பத்து வருசத்துக்கு முன்னால எங்க பங்காளி ஒருத்தரோட எனக்கு வரப்புத் தகராறு. அண்டை வெட்டும்போது என் பக்கத்து மண்ணையும் சேர்த்து அரை அடி உள்ளே இழுத்துட்டார். கேக்கப் போனேன், பேச்சு தடிச்சுப் போச்சு. நடவுக்கு வந்த ஆளுங்க எல்லார் முன்னாலயும் அவர் சொன்னார்: "சத்திரத்துல பொறந்த பயலுக்கு வரப்பு என்னடா வரப்பு?"

வரப்புச் சண்டை சர்வேயர் வந்து சங்கிலி போட்டதோட தீர்ந்துச்சு. அந்த வார்த்தை தீரல. ஏன்னா, நான் அம்மாச்சி வீட்டுல பொறந்தேன்னுதான் அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். எங்க பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். நாற்பது வயசைத் தாண்டினவன் வீட்டுக்கு வந்து, "நான் எங்கம்மா பொறந்தேன்?"னு கேட்டேன். அம்மா முறத்துல உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. பதில் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவங்களே சொன்னாங்க.

1967, ஐப்பசி மாசம். வளைகாப்பு முடிஞ்சு அம்மாவைத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. கூண்டு வண்டி. தாத்தா ஓட்ட, அம்மாச்சி உள்ளே. அடைமழை. ஒரத்தநாட்டை நெருங்கும்போது வலி கண்டுபோச்சு. தாத்தா ஆஸ்பத்திரிக்குத்தான் மாட்டைத் திருப்பியிருக்கார். அதுவரைக்கும் நான் பொறுக்கல. ரோட்டோரம் பெரிய சத்திரம். அப்போ அதுல பள்ளிக்கூடமும் மாணவர் விடுதியும் நடந்துச்சு. தீபாவளிக்குப் பையன்கள் ஊருக்குப் போயிருந்ததால விடுதி காலி. காவக்காரர் பின்கட்டுல ஒரு அறையைத் திறந்துவிட்டார். அவர் சம்சாரம் வெந்நீர் வச்சாங்க. மருத்துவச்சியைத் தேடிப் பிடிச்சுக் கூட்டி வர்றதுக்குள்ள பாதிக் காரியம் முடிஞ்சுபோச்சாம். மறுநாள் மழை விட்டதும் வண்டி கட்டி அம்மாச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. ஊருல கேட்டவங்களுக்கெல்லாம் "வீட்டுலதான் பொறந்தான்"னே சொல்லியிருக்காங்க. சத்திரம்னா வீடு வாசல் இல்லாதவன் படுக்கிற இடம். பெத்த பிள்ளைக்கு அந்தப் பேர் வேண்டாம்னு நினைச்சிருக்காங்க.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்சதே அந்தக் கட்டடத்துலதான். பொறந்த இடம்னு தெரியாமலே அதன் தூணுல சாய்ஞ்சு கணக்குப் போட்டிருக்கேன். அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் அது யார் கட்டினது, எதுக்குக் கட்டினதுன்னு தேட ஆரம்பிச்சேன்.

நீங்க தஞ்சாவூர்ல இருந்து பட்டுக்கோட்டை பஸ்ல வந்தா, சுமார் 25 கிலோமீட்டர்ல ஒரத்தநாடு. பழைய பேர் முக்தாம்பாள்புரம். இந்த ரோடு ராமேஸ்வரம் போற பழைய யாத்திரைப் பாதை. காசியில இருந்தும் மகாராஷ்டிரத்துல இருந்தும் நடந்தே வந்த ஜனங்க தஞ்சாவூரைத் தாண்டி, இந்த வழியா கடற்கரைக்குப் போய், அப்படியே தெற்கே சேதுவுக்குப் போவாங்க. அவங்களுக்காக மராட்டிய ராஜாக்கள் வழி நெடுகச் சத்திரம் கட்டினாங்க. அதுல நிறைய, அரண்மனைப் பெண்கள் பேர்ல இருக்கும். நீடாமங்கலத்துல இருக்கிறது யமுனாம்பாள் சத்திரம். எங்க ஊர்ல முக்தாம்பாள் சத்திரம்.

முக்தாம்பாள் ரெண்டாம் சரபோஜிக்குப் பிரியமானவங்க. ஆனா கல்யாணம் கட்டின ராணி கிடையாது. சாகும்போது, தன் பேர்ல ஒரு அன்னசத்திரம் வேணும்னு கேட்டதா ஊர்ல சொல்வாங்க. 1802-ல அவங்க பேர்லயே சத்திரம் எழும்புச்சு. குதிரையும் யானையும் இழுத்துட்டுப் போற தேர் மாதிரி அடிப்பகுதியைச் செதுக்கியிருப்பாங்க. சின்ன வயசுல அந்தக் குதிரை மேல ஏறி உக்காந்து வாத்தியாரிடம் அடி வாங்காத பையன் எங்க வகுப்புல இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் எங்கிட்ட உரம் பத்திக் கேக்க வருவார். அவர்தான் இங்கிலீஷ் புஸ்தகம் ஒண்ணு எடுத்துட்டு வந்து, அதுல இருந்த ஒரு கடிதத்தைத் தமிழ்ல சொன்னார். 1801 ஜனவரியில சரபோஜி, கம்பெனி ரெசிடென்டா இருந்த டோரினுக்கு எழுதினது. 1799 ஒப்பந்தத்துல நாட்டு நிர்வாகம் கம்பெனிக்குப் போயிடுச்சு. ராஜாவுக்குக் கோட்டையும் ஒரு பங்கு வருமானமும்தான் மிச்சம். சத்திரங்களையும் அதுக்கு விட்ட கிராமங்களையும் மட்டுமாவது எங்கிட்ட விடுங்கன்னு கேட்டு, அங்கே என்ன நடக்குதுன்னு அந்தக் கடிதத்துல விவரமா எழுதியிருக்கார்.

எந்தச் சாதியா இருந்தாலும் வழிப்போக்கனுக்குச் சோறு உண்டு. சமைச்ச சோறு வேண்டாம்கிறவங்களுக்கு அரிசி, சாமான் அளந்து கொடுப்பாங்க. நடுராத்திரியில ஒரு மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா வாங்கன்னு சத்தம் போட்டுக் கூப்பிடுவாங்க. நோவு வந்தா வைத்தியர் உண்டு, விஷக்கடிக்கும் அவர்தான் பார்ப்பார். அநாதைப் பிள்ளைகளுக்கு மூணு வேளைச் சோறு, நாலு நாளைக்கு ஒருக்கா எண்ணெய்க் குளியல், படிப்பு. குழந்தைகளுக்குப் பால். வழியில யாராவது செத்துப்போனா அவங்க முறைப்படி காரியம்.

அதுக்கு அப்புறம் வாத்தியார் சொன்னதைக் கேட்டுத்தான் நான் நிமிர்ந்து உக்காந்தேன். கர்ப்பிணி ஒருத்தி சத்திரத்துல பிரசவிச்சா, செலவு பூராவும் அரசாங்கத்தோடது. மருந்து கொடுக்கணும். பிரசவம் ஆகி மூணு மாசம் வரைக்கும் அவ அங்கேயே தங்கலாம்.

பங்காளி கேவலம்னு நினைச்சு எறிஞ்ச வார்த்தை, ஒரு காலத்துல இந்த வழியெல்லாம் சட்டமா இருந்திருக்கு. பிரசவத்துக்கும் சேர்த்துத்தான் சத்திரம். நான் தப்பான இடத்துல பொறக்கல.

ஆனா முழுசா நம்பிட மாட்டேன். அது ஒரு மனு. பயிர் நிவாரணத்துக்கு நானும் கலெக்டருக்கு மனு எழுதியிருக்கேன். நல்லதைப் பெருசாத்தான் எழுதுவோம். எழுதினது அத்தனையும் எல்லா நாளும் நடந்திருக்குமா? இன்னொண்ணும் மனசுல உறுத்துது. சத்திரத்துச் சோறு வானத்துல இருந்து வரல. மானியமா எழுதிவச்ச கிராமங்கள்ல எங்களை மாதிரி ஆளுங்க சேத்துல நின்னு விளைவிச்ச நெல்லுதான் அங்கே உலையில கொதிச்சுது. புண்ணியம் ராஜா பேர்ல, வியர்வை யார் பேர்லயும் இல்லை.

பிற்பாடு நடந்ததையும் சொல்லணும். 1855-ல சரபோஜி மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமச் செத்தார். கம்பெனி எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு. சத்திரங்கள் கலெக்டர் கைக்கும், அப்புறம் போர்டு கைக்கும் போச்சு. 1914-ல பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, ராமேஸ்வரத்துக்கு நடந்து போற கூட்டம் அத்துப்போச்சு. வழிப்போக்கன் இல்லாத சத்திரம் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடமாச்சு. அதுலயும் ஒரு பூட்டு. ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகள்ல பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இலவசமாத் தங்க இடம்னு இருந்துச்சு. எல்லாருக்கும் சோறு போட்டதாச் சொன்ன ராஜாவோட சொத்துல இப்படி! நீதிக்கட்சிக்காரர் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சாவூர் ஜில்லா போர்டுத் தலைவரா இருந்தப்பத்தான் அந்தப் பூட்டு உடைஞ்சு, மத்த சாதிப் பிள்ளைகளும் உள்ளே வந்தாங்க. இந்தப் பக்கத்து உழவன் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த விடுதிச் சோத்துலதான் படிச்சு மேல வந்தாங்க. அந்தப் பூட்டு உடையாம இருந்திருந்தா, 1967-ல அந்தக் காவக்காரர் எங்க அம்மாவுக்குக் கதவைத் திறந்திருப்பாரான்னு தெரியல.

இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். மூணு மாசக் கணக்கைக் கேட்டதும் சிரிச்சாங்க.

"மூணு மாசமா? எனக்கு ஒரு ராத்திரிதான் கெடச்சுது."

கொஞ்ச நேரம் கழிச்சு, "இது ஆம்பளை யோசனை இல்லடா. பிள்ளை பெத்தவளுக்கு உடம்பு தேற மூணு மாசம் ஆகும்னு ராசாவுக்கு எப்படித் தெரியும்? எவளோ சொல்லியிருக்கா"ன்னாங்க.

முக்தாம்பாள் கதையைச் சொன்னேன். ராணின்னு சொல்லிக்க முடியாத ஒரு பொம்பளை, கடைசியில சத்திரம் கேட்ட கதை. அம்மா ரொம்ப நேரம் பேசல. "அப்ப அவ வீட்டுலதான் உன்னைப் பெத்திருக்கேன்"னு மட்டும் சொன்னாங்க.

போன மாசம் ஒரு வேலையா ஒரத்தநாடு போயிருந்தேன். சத்திரத்துச் சுவத்துல அரசங்கன்று வேர்விட்டிருக்கு. மழைத்தண்ணி இறங்கின இடமெல்லாம் காரை பெயர்ந்து செங்கல் தெரியுது. பின்கட்டுல அம்மா சொன்ன அறை எதுன்னு என்னால அடையாளம் கண்டுபிடிக்க முடியல. கீழே குதிரைகள் அப்படியேதான் நிக்குது. நகரத்துல இருந்து பெரிய கோயிலைப் பார்க்க வர்றவங்க, ஒரு மணி நேரம் ஒதுக்கி இதையும் வந்து பாருங்க. யாரும் பார்க்காத கட்டடம் சீக்கிரம் விழுந்துடும்.

போன தை மாசம் என் மகளுக்கு வளைகாப்பு. அந்தப் பங்காளியும் வந்திருந்தார். சம்பந்தி வீட்டுக்காரங்க பேச்சுவாக்குல, "மாப்ளையோட மாமனார் எந்த ஊர்ல பொறந்தவர்?"னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கும் முன்னால, வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்த அம்மா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க:

"ஒரத்தநாட்டுச் சத்திரத்துல."